கொல்லைப்புறத்துப் பெருச்சாளி

ஆகஸ்ட் 12, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்குக் கொல்லைக் கதவைத் திறந்தேன். இரண்டாம் நம்பர் தென்னங்கன்றின் அடியில் மண் குவியல். ஒன்றல்ல, மூன்று. டேப்பை எடுத்து அளந்தேன். பெரியது நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் அகலம், பதினெட்டு உயரம். எலி இவ்வளவு மண் தள்ளாது. இது பெருச்சாளி வேலை.

முப்பத்தோரு வருஷம் நில அளவைத் துறையில் ஊரான் எல்லையை அளந்து அளந்தே தலை நரைத்தவன் நான். என் எல்லைக்குள்ளேயே ஒரு பிராணி கேட்காமல் கொள்ளாமல் குடியேறியிருக்கிறது. ரிட்டயரான கையோடு ஆசை ஆசையாக வைத்த ஐந்து கன்றுகள். ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் நம்பர் எழுதிக் கட்டியிருக்கிறேன். இந்தப் பிராணி வேரைக் கடித்தால் ஒரு கன்றும் மிஞ்சாது.

ஆறரைக்கு மங்கை வந்தாள். மன்னார்குடியிலிருந்து முதல் பஸ். கையில் ஒரே ஒரு பை. மாப்பிள்ளை கூட வரவில்லை.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம?" என்றேன்.

"சும்மாதாம்பா."

பத்து நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் என் வீட்டுக்காரி அமிர்தம். இருக்கட்டும், எனக்கென்ன. ஒரே பெண். ஆனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை நடந்தே வந்திருக்கிறாள். தெரு முழுக்கப் பார்த்திருக்கும். ஒரு ஆட்டோ பிடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கொல்லையை அளந்து புலப்படம் வரைந்தேன். வளை வாய்கள் மொத்தம் ஐந்து. அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் கொடுத்தேன். மதில் சுவருக்கு அடியில் இருக்கும் 'உ'தான் தலைவாசல் என்று நினைக்கிறேன். கையெழுத்து இன்னும் நடுங்கவில்லை. பழைய மேலதிகாரி பார்த்தால் ஒப்புக்கொள்வார்.

மங்கை இடது பக்கமாகவே மெல்லுகிறாள். கேட்டால் பல்வலி என்கிறாள். கிராம்பு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

செல்வ விநாயகர் கோயில் வாசலில் கொடியேற்றினேன். நம் காலனிக் கோயில் கமிட்டிக்குத் தலைவர் என்ற முறையில் இது எனக்கு ஆறாவது வருஷம். மிட்டாய் கொடுக்கும்போது செயலாளர் வைத்திலிங்கம் காதோரமாகக் கேட்டார்: "சார், பொண்ணு வந்திருக்காப்ல இருக்கே? மாப்பிள்ளை வரலியா?"

"ஆடி முடியுதுல்ல, அதான் வந்திருக்கா" என்றேன்.

"தை மாசமும் வந்திருந்தாங்க. வைகாசியிலயும் பாத்தேன்" என்றார். இந்த மனுஷனுக்கு வேறு வேலை கிடையாது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. தையில் ஒரு தடவை, வைகாசியில் ஒரு தடவை. இரண்டு தடவையும் நானே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். வெறுங்கையோடு போகவில்லை. அதிரசம், முறுக்கு, பழத்தட்டு என்று முறைப்படி எல்லாம் கொண்டுபோனேன். ஒரு குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டாம் நம்பர் கன்று சாய்ந்து கிடக்கிறது. தூக்கினால் கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெருச்சாளி எதிரே வந்திருந்தால் கடப்பாரையால் ஒரே போடாகப் போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கொல்வதா வேண்டாமா என்று நாள் பூராவும் யோசனை. சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

கொல்லக்கூடாது என்பதற்கு ஒரே காரணம்தான். அது பிள்ளையார் வாகனம். காலனியில் வேறு யாரும் கொன்றால் ஒன்றுமில்லை. கமிட்டித் தலைவர் கொன்றார் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

அமிர்தம் சொல்கிறாள், வாகனம் மூஞ்சூறுதான், பெருச்சாளி இல்லை, தாராளமாக மருந்து வைக்கலாம் என்று. அவள் வாய்ச்சொல்லை நம்பி இறங்க முடியுமா? டேப்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சந்நிதிக்கு எதிரே இருக்கும் கல் வாகனத்தின் உடம்பு, வால், காது, மூக்கு எல்லாவற்றையும் அளந்தேன். வால் உடம்பில் முக்கால் பங்கு. மூஞ்சூறுக்கு இத்தனை நீள வால் வராது. குருக்கள் தீபத்தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், சாமிக்கு சட்டை தைக்கப் போறேளா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். நம்ம மனசு எதை நெனைக்கறதோ அதான் வாகனம்" என்று நழுவிவிட்டார். அளவு சொன்னதே எனக்குப் போதும். பெருச்சாளிதான். உயிரோடு பிடித்து ஊருக்கு வெளியே விடுவது என்று முடிவு செய்தேன். மனசு லேசாகிவிட்டது. என்னால் ஒரு ஜீவனைக் கொல்ல முடியாது. அப்படி வளர்க்கப்பட்டவன் இல்லை நான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எலி பிடிக்கும் மாசிலாமணி பெரிய கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து 'உ' வாசலில் வைத்தான். கருவாடு வைக்கவேண்டும் என்றான். நம் வீட்டில் அதெல்லாம் நுழையாது. சுட்ட தேங்காய்ச் சில்லும் மசால்வடையும் வைத்தோம்.

"மாட்டுச்சுன்னா கூண்டோட தொட்டித் தண்ணியில முக்கிருங்க சார். ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும்."

"கொல்றதுக்கு இல்லப்பா. ஆத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் விடப்போறேன்."

மாசிலாமணி சிரித்தான். "அதுக்கு வழி தெரியும் சார், வந்துரும். வரலேன்னா, அங்கன இருக்கற பெருச்சாளிவ சேந்து கடிச்சே கொன்னுரும். வேத்து எடத்துல சும்மா விடுமா?"

எலி பிடிக்கிறவனிடம் தர்மநியாயம் பேசி என்ன பயன்? அனுப்பிவிட்டேன். மங்கை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வெயிலில் எதற்கு முழுக்கை ரவிக்கை என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மாட்டிக்கொண்டது! மூக்கிலிருந்து வால் நுனி வரை ஐம்பது சென்டிமீட்டருக்குக் குறையாது. பக்கத்தில் போனால் முடியைச் சிலிர்த்துக்கொண்டு சீறுகிறது. திரும்பி வந்தால் அடையாளம் தெரியவேண்டுமே. எல்லைக் கல்லுக்கு அடித்தது போக மிச்சமிருந்த சிவப்பு பெயிண்டைக் கம்பிக்குள் பிரஷ்ஷை விட்டு அதன் முதுகில் ஒரு பட்டையாக அடித்தேன்.

மங்கை குனிந்து பார்த்தாள். "அப்பா, இது தாய். மடி தொங்குது பாருங்க. உள்ள குட்டி இருக்கும்."

"குட்டி இருந்தா அதுங்க பாடு" என்றேன். ஸ்கூட்டரில் முன்னால் வைத்து அரசலாற்றுப் பாலம் தாண்டிச் செங்கல் சூளைக்குப் பக்கத்தில் திறந்துவிட்டேன். ஓடவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 21, புதன்

அமிர்தம் இன்று விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அவ முதுகை ஒரு தடவை பாருங்க. அப்புறம் பேசுங்க."

கல்யாணமான பெண்ணின் முதுகை அப்பன் எப்படிப் பார்ப்பது? ஒரு முறை வேண்டாமா? எண்ணெய் தேய்த்துவிடு என்று சொன்னேன். "எண்ணெய் தேய்க்கிற காயமாங்க அது?" என்று தட்டை ஓங்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். ரசத்தில் உப்பே இல்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நம்பமுடியவில்லை. கூண்டில் அதே பெருச்சாளி. சிவப்புப் பட்டை அப்படியே இருக்கிறது. ஒரு காது கிழிந்திருக்கிறது, வாலில் பாதியைக் காணோம். மூன்று நாளில் பாலத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, நம் வீட்டு நம்பர் பார்த்து வந்தமாதிரி வந்திருக்கிறது. எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் ஆச்சரியமாகவும் இருந்தது. இன்னும் தள்ளி, ஸ்கூட்டர் மீட்டரில் நாலு கிலோமீட்டர் பார்த்து, ஒரு கருவேலங்காட்டில் விட்டேன்.

"அது குட்டிக்காகத்தாம்பா வந்துச்சு. ஒரு வாரம் விட்டுவெச்சிருக்கலாம்" என்றாள் மங்கை. ஒரு வாரம் விட்டால் மூன்றாம் நம்பரும் போகும். அதை யார் பார்ப்பது?

மத்தியானம் மாப்பிள்ளை ஞானசேகர் போன் செய்தார். மன்னார்குடிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை, நல்ல குடும்பம், ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டார். "கோவிச்சிக்கிட்டு வந்துட்டா மாமா. சின்ன விஷயம்தான். நீங்க எதுவும் மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். நமக்கு வாய்த்த மரியாதை யாருக்கு வாய்க்கும்? அவர் பேசி முடிக்கும்வரை மங்கை கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று மங்கை நேராகக் கேட்டாள். நான் நான்காம் நம்பர் கன்றுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் கயிற்றைப் பிடித்திருந்தாள்.

"அப்பா, நான் இங்கயே இருந்துக்கறேன். பின்கட்டு ரூம் போதும். பிள்ளைங்களுக்கு டியூசன் எடுக்கறேன். உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டேன். திரும்ப அங்க அனுப்பிடாதீங்க."

பின்கட்டு அறையில் கோயில் குடை, சிமெண்ட் மூட்டை, கமிட்டி நாற்காலிகள் இருக்கின்றன என்றேன்.

"ஒரு மூலை போதும்பா."

"என்னதான் பண்றார் அவர்? குடிக்கறாரா?"

"இல்லப்பா. குடிச்சிருந்தாலும் ஒரு காரணம் இருக்கும்."

சதுர்த்தி வரட்டும், கமிட்டி வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பிறகு பேசலாம் என்றேன். அவள் கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சு நன்றாகத்தான் போட்டாள். சின்ன வயதில் சர்வே கொடிக்குக் கயிறு கட்ட நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

எனக்குப் பாசமில்லை என்று யாராவது சொன்னால் அவன் நாக்கு அழுகிவிடும். ஆனால் நாளைக்கு வைத்திலிங்கம் கேட்பான், நாளன்றைக்குக் காலனியே கேட்கும். புருஷனை விட்டுவிட்டு வந்த பெண் வீட்டிலிருக்க, அப்பன் கோயில் கமிட்டியில் என்ன யோக்யதையோடு உட்காருவது?

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இரண்டு நாளாகக் கொல்லையில் நாற்றம். மங்கை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு 'இ'க்கும் 'ஈ'க்கும் நடுவே தோண்டினாள். வைக்கோலும் கிழிந்த துணியும் சேர்த்து மெத்தை மாதிரி கட்டியிருந்தது. அதில் ஐந்து குட்டிகள். கண் திறக்காதவை. எறும்பு மொய்த்துக் கிடந்தன.

நான் கொல்லவில்லை. அவையாகச் செத்தன. இதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அமிர்தம் வேறு மாதிரி பேசுகிறாள். "பெருச்சாளிக்குப் பார்த்த பாவ புண்ணியம் இதான். பெத்த பொண்ணுக்காவது ஒழுங்காப் பாருங்க" என்றாள். மூன்று நாளாகப் பெண்ணைப் பற்றியே அவள் வாயில் பாட்டு.

மங்கை ஐந்தையும் ஒரு முறத்தில் எடுத்துப்போய் எலுமிச்சை மரத்தடியில் புதைத்தாள். நல்ல உரம்தான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

புதுக் குவியல் இல்லை. பரம நிம்மதி.

ஆகஸ்ட் 31, சனி

திரும்ப வந்துவிட்டது. கூண்டில் உட்கார்ந்திருக்கிறது. எலும்பும் தோலும். இந்தத் தடவை சீறவில்லை. வடையையும் தொடவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. நாளைக்கு மாப்பிள்ளை வருகிறார், காரில் போகும்போது எங்காவது விட்டுவிடச் சொல்லலாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மாப்பிள்ளை பத்து மணிக்கு வந்தார். இரண்டு கிலோ லட்டு, அமிர்தத்துக்கு ஒரு பட்டு, எனக்குக் கதர் வேட்டி. மங்கை உள்ளேயிருந்து வரவில்லை. தலைவலி என்று சமாளித்தேன்.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டினேன். புலப்படத்தைப் பார்த்து, "ஆபீசரா இருந்தவங்க கை தெரியுது மாமா" என்றார். அப்புறம் கூண்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். மதிலோரம் கிடந்த குடைக்கம்பி ஒன்றை எடுத்துக் கம்பிச் சந்தில் விட்டு அதன் மூஞ்சியில் மெதுவாகக் குத்தினார். வலுவாகக் கூட இல்லை. அது கீச்சென்று கத்தியது. மறுபடி குத்தினார்.

"சத்தம் போட்டா ரெண்டு. சத்தம் போடலேன்னா விட்டுருவேன். பாருங்க மாமா, நாலு நாள்ல கத்தாம இருக்கக் கத்துக்கும்" என்று சிரித்தார். குழந்தை மாதிரி சிரிப்பு.

எனக்கு அது பிடிக்கவில்லை. வாயில்லா ஜீவன். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அதற்குள் பின்னால் சத்தம். மங்கை காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடி, காபி முழுக்கக் கொட்டிவிட்டது. அவள் துடைக்கவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிளம்பலாமா?" என்றார் மாப்பிள்ளை, அவ்வளவு தன்மையாக.

நாளைக்கு அமாவாசை, இன்றைக்குக் கிளம்பக்கூடாது, சதுர்த்தி முடிந்து திங்கட்கிழமை நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்னேன். வெள்ளி, செவ்வாயில் பெண்ணை அனுப்பும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. அவரும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். போகும் அவசரத்தில் பெருச்சாளியைக் கொடுத்தனுப்ப மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கமிட்டிக் கூட்டம் நம் வீட்டில். வைத்திலிங்கம் கை கழுவக் கொல்லைக்குப் போனவர், "சார்!" என்று கத்தினார். எல்லோரும் ஓடினோம். அவர் கூண்டுக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"முதுகுல குங்குமம் சார்! பொறப்புலயே இருக்கு பாருங்க!"

அது எல்லைக்கல் பெயிண்ட் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் நாலு பேர் விழுந்து கும்பிட்டுவிட்டார்கள். சதுர்த்தி சமயத்தில் வாகனமே தலைவர் வீட்டைத் தேடி வந்திருக்கிறது என்றார் ஒருவர். திரும்பத் திரும்ப வந்தது என்று நானும் சொன்னேன். அதில் பொய் இல்லையே. சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குப் பக்கத்தில் கூண்டை வைத்துப் பூஜை செய்வதென்று ஏகமனதாகத் தீர்மானம்.

செப்டம்பர் 5, வியாழன்

மங்கைதான் அதற்குச் சாப்பாடு வைக்கிறாள். வாழைப்பழத்தைப் பிட்டு விரலால் நீட்டினால் வாங்கிக்கொள்கிறது. எங்கள் யாரையும் அண்ட விடுவதில்லை. இன்று அவளிடம் திங்கட்கிழமைப் பயணத்தைச் சொன்னேன். ஏழரைக்கு ராகு காலம், அதற்கு முன் பஸ் ஏறவேண்டும் என்றேன்.

"பேசலாம்னு சொன்னீங்களேப்பா."

"பேசியாச்சும்மா. மாப்பிள்ளைகிட்ட பேசினேன்."

அமிர்தம் நடுவில் புகுந்தாள். "அவளை அனுப்பினா நானும் இந்த வீட்ல சமைக்கமாட்டேன்."

"சமைக்காதே" என்றேன். காலையில் அவள் அடுப்பை மூட்டவில்லை. மத்தியானம் மங்கையே சமைத்துவிட்டாள். கத்தரிக்காய்க் கூட்டு. நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 7, சனி. விநாயகர் சதுர்த்தி

இப்படி ஒரு கூட்டத்தை நம் காலனி கண்டதில்லை. வரிசை பால் பூத்து வரை நின்றது. கூண்டுக்கு அருகம்புல் மாலை, சந்தனம், குங்குமம். கம்பி வழியாக ஆளாளுக்குக் கொழுக்கட்டையைத் திணித்தார்கள். செல்போனில் படம் எடுக்காதவர் இல்லை. உள்ளூர் கேபிளில் என்னைப் பேச வைத்தார்கள். "கொன்றுவிடுங்கள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள், என் மனம் இடம் கொடுக்கவில்லை" என்றேன். கைதட்டினார்கள். சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது.

மங்கையைக் கோயிலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வந்தால் ஆயிரம் கேள்வி.

செப்டம்பர் 8, ஞாயிறு

விழா முடிந்ததும் அந்தப் பிராணியை என்ன செய்வது என்று எனக்குக் கவலை. என் கொல்லைக்குத் திரும்ப வராமலும் இருக்கவேண்டும், கொல்லவும் கூடாது. வைத்திலிங்கமே வழி சொன்னார்.

"நாளைக்குக் காவிரியில பிள்ளையாரைக் கரைக்கறோம். வாகனம் இல்லாம சாமி எப்படி சார் போவாரு?"

குருக்கள் மட்டும் இழுத்தார். "உயிரோடயா? அப்படி எங்கயும் பாத்ததில்லையே..." பெரும்பான்மை எங்கள் பக்கம். யோசித்துப் பார்த்தேன், சரிதான். பிள்ளையாரைத் தண்ணீரில் விட்டால் அது கொலையா? கரைத்தல். சாமியோடு சேர்த்து அனுப்புவது. தலைவர் கையால் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு மாதத் தலைவலி இப்படிச் சுமுகமாகத் தீரும் என்று எதிர்பார்க்கவில்லை.

மங்கையிடம் சந்தோஷமாகச் சொன்னேன். துணி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மொதல் நாளே தொட்டியில முக்கியிருக்கலாமேப்பா" என்றாள். "ரெண்டு தடவை கொண்டுபோய் விட்டிருக்க வேண்டாமே."

பாவம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். இந்தப் பெண்ணுக்கு மனசு கல்லாகிவிட்டது.

அமிர்தம் அதிரசம் சுட மறுத்துவிட்டாள். கடையில் வாங்கினேன். கடை அதிரசம் நம்முடையதைப் போல வருமா? மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்களோ.

செப்டம்பர் 9, திங்கள்

நீண்ட நாள். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ஆறே முக்கால் பஸ்ஸில் ஏறினோம். அமிர்தம் வாசலுக்கு வரவில்லை. மங்கை கிளம்புமுன் கூண்டுப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள். வலங்கைமான் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டில் இருந்த நாளெல்லாம் தூங்கவில்லை போலிருக்கிறது. பஸ் குலுங்கினால் விழித்துக்கொள்வாளே என்று ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தோள் மரத்துப்போனது. ரவிக்கைக் கை கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. இழுத்து விட்டேன். எனக்குப் பாவமாக இருந்தது. நீடாமங்கலத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன். பிறகு மூன்றரைக்கு ஊர்வலம் இருப்பது ஞாபகம் வந்தது.

மாப்பிள்ளை வாசலிலேயே காத்திருந்தார். பையை அவரே வாங்கிக்கொண்டார். அவருடைய அம்மா இரண்டு நாளாக உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம், வீட்டில் வேறு யாரும் இல்லை. காபி கொடுத்தார். "இனிமே தனியா பஸ் ஏற மாட்டா மாமா, நான் பாத்துக்கறேன்" என்றார். மங்கை செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றாள். "உள்ள போம்மா" என்றேன். போனாள்.

பன்னிரண்டரைக்கு வீடு. குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு, ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டேன். மேளம், வெடி, பிள்ளைகள் ஆட்டம். நாலரைக்குப் படித்துறை. காவிரியில் நல்ல தண்ணீர். முதலில் பிள்ளையாரை ஆறு பேர் தூக்கிக்கொண்டு போய் விட்டார்கள். அடுத்து நான். மாலை போட்ட கூண்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன்.

கூண்டைத் தண்ணீரில் வைத்ததும் அது மேலே ஏறி, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. கூண்டு முழுகவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கையாலும் அழுத்தினேன். அப்போது பார்த்து என் சட்டைப் பையில் போன் அடித்தது. பிள்ளையார் பாட்டுத்தான் ரிங்டோன். கரையில் இருந்தவர்கள் ஆகா என்று கைதட்டினார்கள். நின்றது, மறுபடி அடித்தது. எடுக்க முடியவில்லை. ஒரு கையை எடுத்தால் கூண்டு மேலே வந்துவிடும். என் விரலுக்கு அடியில் அதன் நகம் கம்பியைப் பிறாண்டுவது தெரிந்தது. சத்தமே போடவில்லை. மாப்பிள்ளை சொன்னது சரிதான் போலிருக்கிறது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிஷம் என்றான் மாசிலாமணி. நாலு நிமிஷத்துக்கு மேல் ஆனது.

கரையேறித் துண்டால் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மங்கையிடமிருந்து ஏழு அழைப்பு. திரும்பக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். வைத்திலிங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அமிர்தத்திடம் சொல்லவில்லை. புது இடத்துக்குப் போனதுபோல் ஒவ்வொரு முறையும் முதல் நாள் இப்படித்தான் கூப்பிடுவாள். இரண்டு நாளில் அடங்கிவிடும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கொல்லையில் ஒரு குவியல்கூட இல்லை. வளை வாய்கள் ஐந்தையும் சிமெண்ட் போட்டு அடைத்தேன். மாலை புதிதாக ஒரு தென்னங்கன்று வாங்கிவந்து இரண்டாம் நம்பர் தகரத்தைக் கட்டவேண்டும்.

காலையிலிருந்து மங்கையின் போன் கிடைக்கவில்லை. பதினொன்றரைக்கு மாப்பிள்ளையைப் பிடித்தேன். அவள் போன் கீழே விழுந்து உடைந்துவிட்டதாம். மங்கை தூங்குகிறாளாம்.

"இந்த நேரத்துல என்ன தூக்கம்? எழுப்பிக் குடுக்கச் சொல்லுங்க, நான் ஒரு வார்த்தை பேசணும்" என்று அமிர்தம் என் கையைப் பிடித்து இழுத்தாள். போனில் மாப்பிள்ளைக்கும் கேட்டிருக்கும்.

"எழுப்பணுமா மாமா?" என்றார், நிதானமாக.

மரியாதை தெரிந்த மனுஷன், என்னைக் கேட்கிறார். எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.